நெஞ்சிலிருந்து வந்த நாக்கு

ஆரணியில் பட்டுக்குச் சாயம் போடுகிறவன் வேடியப்பன். கை இரண்டும் கொதிக்கிற தொட்டியில் இருந்தாலும் கன்னத்தில் புகையிலை அடங்கியிருக்கும். 1985-இல் அவன் நாக்கோரம் வந்த புண் எந்த மருந்துக்கும் ஆறவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் புற்று என்று சொல்லிவிட்டார்கள்.

"நாக்குல முக்கால்வாசி எடுத்துடணும்மா," என்றார் டாக்டர்.

அவன் மனைவி பாஞ்சாலை குறுக்கிட்டாள். "நாக்கு இல்லாம எப்படிங்க துன்னுவாரு?"

"வேற செஞ்சு வெப்போம்." டாக்டர் தன் சட்டை மேலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினார். மார்புச் சதையைத் தோலோடு கிளப்பி, அதற்குப் போகிற ரத்தக்குழாயை அறுக்காமல், கழுத்துத் தோலுக்கு அடியில் நுழைத்து வாய்க்குள் கொண்டுவந்து தைப்பார்களாம்.

நெஞ்சு எப்படி நாக்காகும்? அவளுக்குப் பிடிபடவில்லை. சரி என்று மட்டும் தலையாட்டினாள்.

ஆபரேஷனுக்கு மறுநாள் பாஞ்சாலையை உள்ளே விட்டார்கள். மூக்கில் ஒரு குழாய், தொண்டையில் ஒரு குழாய். நர்ஸ் அவன் வாய்க்குள் டார்ச் அடித்து, "நீங்களும் பாருங்க," என்றாள். பற்களுக்கு நடுவே வெளுத்த சதை ஒன்று மேடாகக் கிடந்தது. நாக்கு மாதிரியே இல்லை. நர்ஸ் அதை ஊசிமுனையால் லேசாகக் குத்தினாள். சிவப்பாக ஒரு பொட்டு ரத்தம் துளிர்த்தது.

"உயிரோட கீதுங்களா?" என்றாள் பாஞ்சாலை.

"நல்லா இருக்கு. ரத்தம் ஓடிகினுதான் இருக்கு."

பாஞ்சாலையின் கைகள் தாமாகக் குவிந்தன. நர்ஸைக் கும்பிட்டாளா, அந்தச் சதையைக் கும்பிட்டாளா, அவளுக்கே தெரியாது.

விழுங்கப் பழகுவதுதான் பெரும்பாடு. முதலில் தண்ணீரே புரைக்கேறியது. பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கஞ்சி இறக்கக் கற்றுக்கொண்டான். பேச்சில் ப, ம போன்ற உதட்டு எழுத்துகள் ஜல்தியாக வந்தன, மற்றவை குழறின. கேட்கிறவர்கள் முழித்தாலும் பாஞ்சாலைக்கு எல்லாம் புரிந்தது.

வீட்டுக்கு வந்து சில மாதம் கழித்து ஒரு காலையில், வாயில் என்னவோ உறுத்துகிறது என்று ஜாடை காட்டினான். வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பார்த்தாள். புது நாக்கின் மேல் கறுகறுவென்று நாலைந்து முடி.

"அய்யோ, நெஞ்சுல முளைக்கிற மாதிரியே முளைச்சிகீதுய்யா!"

அவன் விரல்விட்டுத் தடவிப் பார்த்தான். பிறகு தோள் குலுங்கச் சிரித்தான். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவன் சிரித்து அவள் பார்த்ததில்லை. "வெட்டு" என்றான் குழறலாக.

சின்னக் கத்தரியைக் கொதிநீரில் போட்டு எடுத்து வந்தாள். ஒவ்வொரு முடியாக வெட்டும்போது அவளுக்கு மூச்சுவிடவே தோன்றவில்லை.