கரையை விட்டுவிட்ட கணக்கு

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இது திருட்டுக் கதை. எண்பத்திரண்டில் உறையூர் டவுன் பஸ்ஸில் பரிசல்காரர் வீரமலை சொன்னது பாதி. மீதி என் கைச்சரக்கு.

‘காவிரி பொங்கியது’ என்று தொடங்கினேன். சீ, எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். ‘ஸ்தனிஸ்லாஸ் நல்லவர்தான், ஆனால்’… இதுவும் வேண்டாம்.

2

ஸ்தனிஸ்லாஸ் திருச்சியில் கல்லூரி இயற்பியல் ஆசிரியர். தட்டையாகப் பரவிய நீரில் சின்னச் சின்னச் சுழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருஞ்சுழியாவதுதான் அவருடைய ஆராய்ச்சி. கணக்கு சுலபமாக இருக்கட்டுமென்று, கரையே இல்லாத நீராக வைத்துக்கொண்டார். (கணக்குப் போடுகிறவர்கள் பலர் செய்வதுதான். நீங்கள் திட்டாதீர்கள், அதற்கு நான் இருக்கிறேன்.)

எழுபத்தேழு வெள்ளத்தில் ஜீயபுரம் வாழைத்தோட்டங்கள், ரயில் மேட்டுக்கும் வாய்க்கால் கரைக்கும் நடுவே ஏரியாகிக் கிடந்தன. மாடுகளை அவிழ்த்துவிடப் போன சகாயநாதன் திரும்பவில்லை. ஸ்தனிஸ்லாஸின் மனைவி லூர்துராணிக்கு ஒரே தம்பி.

“ரயில் மேடும் வாய்க்கால் கரையும் சேர்ற மூலைப் பக்கம் பாப்போம் சார். கரையில முட்டுற தண்ணி திரும்பிச் சுத்தும். அடிச்சிட்டு வர்றதெல்லாம் அங்கதான் ஒதுங்கும்,” என்றார் தேடப் பரிசலோடு வந்த வீரமலை.

“இல்லைங்க, என் கணக்குப்படி பெரிய சுழி நடுவுலதான் நிக்கும். நடுவுலயே தேடுங்க,” என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

படித்தவர் சொன்னால் யார் மறுப்பார்கள்? இரண்டு நாள் நடுவிலேயே தேடினார்கள்.

3

மூன்றாம் நாள் காலை மூலையில் கிடைத்தான், பிணமாக. [இந்த வாக்கியத்தை ஆறு முறை எழுதினேன்.] வேட்டியால் தன்னைக் கருவேலங்கிளையோடு கட்டிக்கொண்டிருந்தான். உயிரோடு ஒதுங்கியவன்தானே முடிச்சுப் போட முடியும்?

“ஐயோ, நான் கெடுத்துட்டேனே!” என்று ஸ்தனிஸ்லாஸ் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதன்பின் நாலு வருடம் வட்டத் தட்டிலும் சதுரத் தட்டிலும் தண்ணீர் ஊற்றிக் கலக்கிப் பார்த்தார். தட்டு மாறினால் பெருஞ்சுழியின் போக்கும் மாறியது. ஓரத்திலிருந்து புதுச் சுழிகள் கிளம்பி அதை இடம்பெயர்த்தன. கரையைக் கணக்கில் சேர்த்திருந்தால், வீரமலை சொன்ன மூலைதான் விடையாக வந்திருக்கும்.

4

(இனி முழுக்க என் கற்பனை.) மத்தியானம், சாப்பாட்டில் கை வைத்தவரிடம் லூர்துராணி கேட்கிறாள்:

“என்னங்க, மொத நாளே மூலைக்குப் போயிருந்தா தம்பி உசுரோட கெடச்சிருப்பானா?”

முடிவு ஒன்று: “ஆமா ராணி,” என்கிறார். அதன்பின் அவள்… இல்லை, என்னால் எழுத முடியாது.

முடிவு இரண்டு: “இல்லம்மா, மொத நாளே போயிட்டான்.” அவள் நம்புகிறாள். அவருக்கு அந்த வீட்டில் இனி ஒரு கவளம் இறங்காது.

இரண்டையும் அடித்துவிட்டேன். லூர்துராணி கரண்டியோடு நிற்கிறாள். அவர் தலை நிமிரவில்லை, எனக்கும் துணிச்சலில்லை. பதிலை நீங்களே சொல்லுங்கள், அவள் முகத்தைப் பார்த்து.