அறுபத்தெட்டு அங்குலப் பெஞ்ச்

"இது மஞ்சள் இல்ல பாப்பா. ஆஸ்பத்திரி கிரீம்."

"ஆஸ்பத்திரி கிரீம்னு ஒரு கலர் இருக்கா மாமா?"

"ஆஸ்பத்திரில அடிச்சா ஆஸ்பத்திரி கிரீம். அதையே ஹோட்டல்ல அடிச்சா வெண்ணிலா. டப்பா ஒண்ணுதான், பேரு மட்டும் வேற."

"சாப்பிடற ரூம்ல ஆஸ்பத்திரி வேண்டாம்."

"வேண்டாம்னா இந்த நீலத்தை ஊத்திக் கலக்கிடுவோம். இது பள்ளிக்கூடத்து நீலம். ரெண்டும் சேந்து என்ன வருதோ அது உன் அதிர்ஷ்டம்."

மாமா குச்சியை விட்டுக் கலக்கினார். அவர் என் அம்மாவின் தம்பி. இருபது வருஷமாகச் சுவருக்கு வண்ணம் அடிப்பவர். ஒவ்வொரு வேலையிலும் மிஞ்சியதை மூடி இறுக்கி வீட்டில் அடுக்கி வைத்திருப்பார். புது டப்பா வாங்க என் கையில் காசில்லை. புது வேலைக்காக வேறு ஊருக்கு ரயில் டிக்கெட்டும் அங்கே அறைக்கு முன்பணமும் கொடுத்தது போக, கையில் இருந்தது ஒரு விளக்குக்கும் கொஞ்சம் உப்புத்தாளுக்கும்தான் காணும்.

அன்று வியாழக்கிழமை. ஞாயிறு மதியம் கண்ணாடிக்கடைக்காரம்மா எங்கள் வீட்டுக்கு முதல்முறையாக வருகிறார். திங்கள் காலை நான் கிளம்புகிறேன்.

அவரை எனக்கும் மாமாவுக்கும் பார்த்துப் பழக்கமில்லை. அப்பாவுக்குத்தான் பழக்கம். அப்பா ஒரே வருஷத்தில் மூன்று தடவை கண்ணாடி மாற்றினார். மூன்றாவது தடவை மாமா, "மச்சானுக்குக் கண்ணுல கோளாறு இல்ல, கண்ணாடிக்கடைலதான்" என்று சொல்லிவிட்டுக் கூர்ந்து பார்த்தார். அப்பா மறுக்கவில்லை. பிறகு ஒருநாள், செய்தித்தாளை மடித்துக்கொண்டே, தானும் அந்த அம்மாவும் சேர்ந்து இருக்கலாமா என்று பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அந்த அம்மா உடனே சரி சொல்லவில்லையாம். "முதல்ல நீங்க இருக்கற வீட்டைப் பாக்கறேன், அப்புறம் சொல்றேன்" என்றாராம்.

என்னை அவசரப்படுத்தியது அந்த வார்த்தைதான். எங்கள் வீட்டைப் பார்த்தால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. சாப்பாட்டு அறையில் யாரும் சாப்பிடுவதில்லை. மேசைமேல் தையல் மிஷின், கரண்ட் பில்கள், ஓடாத ஃபேன் ஒன்று. அப்பா சமையலறையில் சிங்க் பக்கத்தில் நின்றபடியே சாப்பிடுவார். மொத்தம் நான்கு நிமிஷம். அம்மா படுக்கையில் கிடந்த மாதங்களில் ஆரம்பித்தது இது. கூப்பிட்டால் காதில் விழ வேண்டும், உடனே ஓட வேண்டும் என்று தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நிற்பார். கூப்பிட ஆள் இல்லாமல் போன பிறகும் நின்றுகொண்டிருக்கிறார். நான் போய்விட்டால் அந்த நான்கு நிமிஷத்துக்கும் வீட்டில் வேறு ஆள் இருக்காது.

எனவே நான் போவதற்குள் அந்த அறையில் அப்பா உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

நாற்காலி பற்றிய பேச்சை மாமாதான் எடுத்தார்.

"நாலு நாற்காலில எது அக்காவோடதுன்னு அந்த அம்மாவுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். தெரியாம அவங்க அதுலயே போய் உக்காந்துட்டா நம்ம மூணு பேர் மூஞ்சியும் எப்படி இருக்கும்?"

"அதை மட்டும் எடுத்துடலாமா?"

"எடுத்தா மூணு இருக்கும். நாலாவது எங்கன்னு கேப்பாங்க. எல்லாத்தையும் குடுத்துடு. ஜன்னலோரம் சுவத்துக்குச் சுவர் ஒரே பெஞ்ச். யாரு எங்க வேணா உக்காரலாம்."

எனக்கு உடனே அது பிடித்துப்போனது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்தே விட்டேன். நான்கு நாற்காலிகளையும் தெருமுனைத் தேநீர்க்கடைக்காரர் எடுத்துக்கொண்டார். அந்தப் பணம் பலகைக்குச் சரியாக இருந்தது. அப்பாவே ஒவ்வொன்றாகத் தூக்கி வண்டியில் வைத்தார். எதையும் தடவிப் பார்க்கவில்லை. ஒரு நாற்காலிக்கு மட்டும் துணியால் காலைத் துடைத்துவிட்டார்.

வியாழன் மாலை அப்பா ஜன்னல் பக்கத்தை அளந்து ஒரு தாளில் எழுதினார். தாளை மாமாவிடம் கொடுத்தார். மாமா, வெளியே போயிருந்த எனக்கு போனில் அளவைச் சொன்னார். நான் பலகைக்கடைக்குச் சொன்னேன். சனிக்கிழமை மதியத்துக்குள் அறுத்து, இழைத்து, கொண்டு வந்து கொடுப்பதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை சுவரில் போனது. மாமா கலக்கியது ஒரு பச்சையாக வந்திருந்தது. யாரும் பேர் வைக்காத பச்சை. காலையில் வெளிறியும் சாயங்காலம் கொஞ்சம் அழுத்தமாகவும் தெரிந்தது. மூன்று சுவர் முடிந்ததும் டப்பா காலி.

"நாலாவது சுவரு?"

"அலமாரிய நகத்தி அந்தப் பக்கம் வை. அலமாரிக்குப் பின்னாடி யாரு எட்டிப் பாக்கப் போறா?"

"அலமாரி பாதி சுவரத்தான மறைக்கும்?"

"மீதிப் பாதிய நீ மறைச்சுக்கிட்டு நில்லு. எப்படியும் நீ சும்மாதான நிக்கப்போற."

கடைசியில் மீதிப் பாதிக்கு, கலக்காமல் இன்னொரு டப்பாவில் மிஞ்சியிருந்த ஆஸ்பத்திரி கிரீமையே அடித்தோம். பார்க்க வேண்டுமென்றே செய்த மாதிரி இருந்தது. விளக்கு மட்டும் புதிது. மேசைக்கு நேர் மேலே மாட்டினோம். மேசையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது மிஷின் இருந்த இடத்தில் நான்கு குழி தெரிந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை பலகைக்கடைக்காரரே பலகையைக் கொண்டுவந்தார். நல்ல கனமான பலகை. அவரும் மாமாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஜன்னலோரம் கொண்டுபோனார்கள். இரண்டு பக்கச் சுவரிலும் மாமா ஏற்கெனவே கட்டை அடித்து வைத்திருந்தார். பலகையின் இரு முனையும் அந்தக் கட்டைகள்மேல் உட்கார வேண்டும். ஒரு முனை உட்கார்ந்தது. இன்னொரு முனை அந்தரத்தில் நின்றது.

"இன்னும் தள்ளுங்க."

"இதுக்கு மேல தள்ளினா பக்கத்து வீட்டுக்குப் போயிடும்" என்றார் பலகைக்கடைக்காரர். இடுப்பிலிருந்து இரும்பு டேப்பை இழுத்து அளந்தார். "பலகை அறுபத்தெட்டு. நீங்க சொன்ன அறுபத்தெட்டு." பிறகு சுவரை அளந்தார். "சுவர் எழுபத்திரண்டு. யாரும்மா அளந்தது?"

"நான்தான்" என்றார் அப்பா. "நான் எழுபத்திரண்டுன்னுதான எழுதிக் குடுத்தேன்."

மாமா டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "டேப்புல எழுபத்திரண்டு வந்தா நிஜத்துல எழுபதுதான மச்சான். அது அக்கா டேப்பு. முதல் ரெண்டு இஞ்ச் கிடையாது. நீங்க அதை மறந்திருப்பீங்கன்னு நான் கழிச்சிட்டேன்."

"டேப்புல எழுபத்துநாலு வந்துச்சு. நான் கழிச்சுட்டுதான் எழுதினேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அம்மா தையல்காரி. ஒருநாள் துணியோடு சேர்த்து டேப்பின் முனையையும் வெட்டிவிட்டாள். இரண்டு அங்குலம் போய்விட்டது. புது டேப் வாங்கவில்லை. "நல்லா இருக்கற டேப்ப எவ தூக்கிப் போடுவா? ரெண்டு கழிச்சுக்கோ, தலையா போயிடும்?" என்பாள். யார் அந்த டேப்பைத் தொட்டாலும் எங்கிருந்தாவது "ரெண்டு கழி!" என்று அவள் குரல் வரும். குளித்துக்கொண்டிருந்தாலும் வரும்.

"மாமா எழுபதுன்னு சொன்னாரு" என்றேன். "உங்க ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருக்காதுன்னு நினைச்சு நானும் கழிச்சேன்."

மூன்று வருஷமாக அவளைப் பற்றி எங்களில் ஒருத்தரும் இன்னொருத்தரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரவர் பாட்டுக்குக் கழித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

பலகைக்கடைக்காரருக்குக் கணக்கு பிடிபட்டதும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நல்லவேளை, வீட்டுல மூணே பேரு. இன்னும் நாலு பேரு இருந்திருந்தா நான் ஸ்டூல்தான் கொண்டுவந்திருப்பேன்."

முதலில் சிரித்தது அப்பா. சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு தண்ணீர் குடிக்க என்று சமையலறைக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

அறுத்த பலகையைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வேறு வாங்கப் பணமில்லை, நேரமும் இல்லை. மாமா பின்பக்கத்திலிருந்து செங்கல் கொண்டுவந்து அந்தர முனைக்குக் கீழே தூண் மாதிரி அடுக்கிப் பூசினார். பெஞ்ச் ஆடாமல் நின்றது. அந்த முனைக்கும் சுவருக்கும் நடுவே நான்கு அங்குலம் சந்து.

ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரத்துக்குக் கண்ணாடிக்கடைக்காரம்மா வந்துவிட்டார். உயரம், நரைத்த குட்டை முடி, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. உள்ளே வந்ததும் முதல் வேலையாக அப்பாவின் கண்ணாடியைக் கழற்றி, தன் சட்டைப்பையிலிருந்த துணியால் துடைத்து, மறுபடி மாட்டிவிட்டார்.

"இதை வெச்சுக்கிட்டா பஸ் ஓடற வழில நடந்து வர்றீங்க?"

"தபால் ஆபீஸ் வேலைக்கு இதுவே போதும்" என்றார் அப்பா.

"அதான் எனக்கு வர்ற கடுதாசி எல்லாம் அடுத்த தெருவுக்குப் போகுது."

நான் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று மூன்று நாளாக யோசித்துக் கடைசியில் "வாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்க வேண்டும். "அவசரமில்லம்மா. கூப்பிட வேண்டிய நேரத்துல வாயில எதாவது வந்துடும்" என்றார்.

வண்ண வாசனை போக ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்திருந்தோம். அவர் அறைக்குள் வந்து நின்று, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பச்சை, கிரீம், விளக்கு, மேசை. பார்வை நேராக அந்தச் சந்தில் போய் நின்றது. கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கிறவர் கண்ணுக்கு எது தப்பும்?

"இது எதுக்கு?"

"காத்து வர்றதுக்கு" என்றார் மாமா.

"ஜன்னல் போதலியா?"

"அது பெரிய காத்துக்கு. இது சின்னக் காத்துக்கு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மாமாவிடம், "நீங்கதான அவங்களோட தம்பி?" என்றார். மாமா தலையாட்டினார். "இந்தச் சுவரெல்லாம் நீங்களே அடிச்சீங்களா?" அதற்கும் தலையாட்டினார். அந்த அம்மா சுவரில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். விரலில் லேசாகப் பச்சை ஒட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

நான் ரொட்டியும் முட்டையும் வேகவைத்த உருளைக்கிழங்கும் மேசையில் வைத்தேன். அவர் பெஞ்சின் நடுவில் போய் உட்கார்ந்தார். பெஞ்ச் ஒரு சத்தமும் போடவில்லை. மாமா எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி நெஞ்சைத் தடவிக்கொண்டார். அந்த அம்மாவுக்கு இடப்பக்கம் அப்பாவுக்காக இடம் விட்டிருந்தோம்.

அப்பா தட்டை எடுத்தார். ரொட்டியை வைத்தார். முட்டையை வைத்தார். தட்டோடு இரண்டடி பின்னால் போய் வாசற்படி அருகில் நின்று சாப்பிட ஆரம்பித்தார்.

"மச்சான்" என்றார் மாமா.

"நீங்க சாப்பிடுங்க. எனக்கு நின்னே பழகிப்போச்சு."

"எத்தன வருஷமா?" என்று கேட்டார் அந்த அம்மா.

அப்பா யோசித்தார். "அவளுக்கு முடியாம போனதுலேருந்து. கூப்பிட்டா கேக்கணும்ல."

அந்த அம்மா முள்கரண்டியைக் கீழே வைத்தார். அவ்வளவுதான், முடிந்தது, பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் போகிறார் என்று எனக்குத் தோன்றியது. அவர் எழுந்தார். தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில், வாசற்படியின் இன்னொரு ஓரத்தில் நின்றார். உருளைக்கிழங்கை எடுத்துக் கடித்தார்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றார்.

"ஆமா" என்றார் அப்பா. வழக்கத்தைவிட மெதுவாகச் சாப்பிட்டார்.

மாமா என்னைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், பெருமூச்சு விட்டுத் தன் தட்டையும் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். நான்கு நாள் வண்ணம் அடித்து, பூசி, தேய்த்து, நாற்காலியைக் கூட விற்றுத் தயார் செய்த அறையில் நாங்கள் நான்கு பேரும் வரிசையில் நிற்பவர்கள் மாதிரி தட்டோடு நின்றுகொண்டிருந்தோம். பெஞ்ச் காலியாக இருந்தது. புது விளக்கு யாரும் இல்லாத மேசைக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது.

அவர் அப்படி வந்து நின்றது எனக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே பயமாகவும் இருந்தது. இனிமேல் ஒருத்தருக்குப் பதில் இரண்டு பேர் நின்றுகொண்டு சாப்பிடப் போகிறார்கள். நான் எங்கோ ஓர் ஊரில், தெரியாத ஓர் அறையில் உட்கார்ந்து, இவர்கள் நிற்பதை நினைத்துக்கொண்டே சாப்பிட வேண்டும்.

தட்டை மேசையில் வைத்தேன். அப்பாவின் முன்னால் போய் நின்றேன். அவர் வாயில் ரொட்டி இருந்தது. மெல்லுவதை நிறுத்தினார்.

"அப்பா, காலைல ஏழு மணிக்கு ரயில். ஒரே ஒரு வாய், அங்க உக்காந்து சாப்பிடுங்கப்பா. நான் பாத்துட்டுப் போறேன்."