மஞ்சள் வழி

“பேரப்பிள்ளைங்க இல்லேன்னா, நாம ரெண்டு பேரும் எதுக்கு இப்படி ஒண்ணா நடக்கப்போறோம், சம்பந்தி?”

“அதானே! எதுக்கு நடக்கப்போறோம்?”

இவ்வளவுதான் பேச்சு. மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே காட்டு ஓரத்தில், யர்மிலா சிரித்துக்கொண்டே கேட்டாள். போஹுமிலும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். சொன்ன மாத்திரத்திலேயே அது தப்பான பதில் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அன்றிலிருந்து ஒவ்வொரு நடையிலும் சரியான பதிலை மனசுக்குள் ஒத்திகை பார்ப்பார். வீடு வந்து சேர்ந்துவிடும். பதில் மட்டும் வெளியே வராது.

நாற்பது வருஷம் அந்த மலைமேட்டுக் கிராமங்களில் மாட்டு வைத்தியம் பார்த்தவர். உதைக்கிற பசுவுக்கும் முட்டுகிற காளைக்கும் பயந்ததில்லை. மருமகனைப் பெற்ற அம்மாளிடம் ஒரு வாக்கியம் சொல்லத்தான் பயந்தார்.

மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு, அவருடைய மகள் ராட்காவும் மருமகன் ததேயாஷும் தலைநகர் ப்ராகிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து அவரிடம் விட்டுவிட்டுப் போவார்கள். ததேயாஷின் அம்மா யர்மிலா யிஹ்லாவா நகரத்திலிருந்து ரயிலேறி வருவாள். “ரெண்டு வாண்டுகளை ஒத்தை ஆளா மேய்க்க உங்களால முடியாது” என்று முதல் தடவை அவளாகவேதான் சொன்னாள். தனியாகவே சமாளித்திருப்பார். ஆனாலும் “முடியவே முடியாது” என்று சட்டென ஒப்புக்கொண்டார்.

அவர் மனைவி இறந்து ஒன்பது வருஷம். யர்மிலாவின் கணவர் போய் ஆறு. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கிளம்பிப் போனபின், யர்மிலா குடித்த தேநீர்க் கோப்பையை அவர் உடனே கழுவுவதில்லை. திங்கட்கிழமைவரை மேஜையிலேயே இருக்கும். ஒருமுறை அவள் நீலக் கழுத்துத்துணியை மறந்துவிட்டுப் போனாள். தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்கவில்லை. வாசற்கதவுக்குப் பக்கத்துக் கொக்கியில் ஒரு மாதம் தொங்கவிட்டிருந்தார். அதை எடுக்கவாவது அவள் வந்துதானே ஆகவேண்டும்?

இந்த வருஷம் மே ஒன்றாம் தேதி சனிக்கிழமையில் விழுந்தது. ததேயாஷுக்கு நார்வேயில் வேலை கிடைத்திருந்தது. ஜூனில் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளை விட வந்தபோது ராட்கா, “அப்பா, இதுதான் கடைசித் தடவைன்னு நினைக்கிறேன். பெட்டி கட்டவே நேரம் சரியா இருக்கும்” என்றாள். போஹுமில் தலையாட்டினார். மகள் போகிறாள், பேரப்பிள்ளைகள் போகிறார்கள். அந்த வருத்தத்தை ஊரறியச் சொல்லலாம். அதோடு இன்னொருத்தியும் தன் வாசலுக்கு வராமல் போய்விடுவாள் என்பதை யாரிடம் சொல்வது? மகளின் மாமியாராயிற்றே. கேட்டால் ஊர் சிரிக்காதா?

மறுநாள் காலை அவரும் யர்மிலாவும் பிள்ளைகள் இருவரும் கிளம்பினார்கள். காட்டுக்குள் இருக்கும் சின்னக் கோயிலருகே தீ மூட்டி, குச்சியில் சாசேஜைக் குத்திச் சுட்டுச் சாப்பிட்டார்கள். போஹுமில் ஒவ்வொன்றின் நுனியையும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிக் கொடுத்தார். சூட்டில் அது பூப்போல விரிந்தது.

“என்னோடது பூ. பாட்டியோடது ஆக்டோபஸ்” என்றான் நாலு வயது ஹினெக்.

“என்னோடது கருகின ஆக்டோபஸ். உங்க தாத்தாவைத் தீ பார்த்துக்கச் சொன்னா, வேற எங்கேயோ பார்த்துட்டு இருக்காரு” என்றாள் யர்மிலா.

வேறு எங்கேயோ அல்ல, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரமாகக் குனிந்து ஃபிளாஸ்கை மூடினார்.

திரும்பும் வழியில் கைகாட்டி வந்தது. ஒரு கம்பம், அதில் தகரப் பலகைகள். வழக்கம்போல போஹுமில், வழி காட்ட மஞ்சள் சாயத்தில் பட்டை போட்ட மரங்களின் பக்கம் திரும்பினார். பேத்தி அபொலேனா நகரவில்லை. ஆறு வயதான அவள் அந்தக் குளிர்காலத்தில்தான் வாசிக்கப் பழகியிருந்தாள். அப்போதிலிருந்து ஊரிலுள்ள ஒரு பலகையையும் விட்டுவைப்பதில்லை.

“தாத்தா! சிவப்பு வழியில போனா ஊருக்கு ரெண்டு கிலோமீட்டர்னு போட்டிருக்கு. மஞ்சள்ல போனா ஆறு!”

“அப்படியா போட்டிருக்கு?”

“அப்போ ஏன் நாம எப்பவும் மஞ்சள்லயே போறோம்?”

போஹுமிலுக்குக் காது சூடானது. “சிவப்பு வழியில ஓடைப் பாலம் உடைஞ்சிருக்கும்மா.”

“போன வருஷமும் உடைஞ்சிருக்குன்னு சொன்னீங்க.”

“இன்னும் சரி பண்ணலை.”

“அதுக்கு முந்தின வருஷமும் சொன்னீங்க. யாருமே சரி பண்ண மாட்டாங்களா?”

அந்த நாட்டில் நடைவழி என்பது சும்மா விஷயமில்லை. மரப்பட்டையில் சாயம் லேசாக மங்கினாலே யாராவது தூரிகையோடு வந்துவிடுவார்கள். ஒரு பாலம் மூன்று வருஷம் உடைந்து கிடக்கிறது என்பதைக் குழந்தை நம்பாததில் ஆச்சரியம் என்ன? போஹுமில் உதவி தேடுகிறவர்போல யர்மிலாவைப் பார்த்தார். அவள் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

“தாத்தா உடைஞ்சிருக்குன்னா உடைஞ்சுதான் இருக்கும், அபொலேனா” என்று நிமிர்ந்தாள். “வா, மஞ்சள்லயே போவோம்.”

“எனக்குக் கால் வலிக்குது” என்றான் ஹினெக்.

“தாத்தா தூக்கிப்பாரு. அவருதானே ஆறு கிலோமீட்டர் வேணுங்கறாரு!”

அவளுக்கு ஏதாவது தெரியுமோ? பேரனைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தபோது போஹுமிலுக்கு அந்த யோசனைதான். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. குருவிச் சத்தம் வந்தால் நின்றாள், காட்டுப் பூக்களைத் தாண்டிக் கால் வைத்தாள், நார்வேயில் பிள்ளைகளுக்கு என்ன சாப்பாடு கிடைக்குமோ என்று கவலைப்பட்டாள். “எப்பவும் மீன்தான் போடுவாங்களாம்” என்றாள். “நம்ம ஹினெக் மீனைப் பார்த்தாலே மேஜைக்கு அடியில போயிடுவானே.” அவளும் எதையோ எண்ணிப் பார்ப்பதுபோல் அவருக்குத் தோன்றியது. கேட்க வாயெடுத்தார். தோளிலிருந்த ஹினெக் அவர் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டான். சமயம் போயிற்று.

குளத்துக்குச் சற்று முன்னால், புல்சரிவில், ஒற்றைச் செர்ரி மரம். மற்ற வருஷங்களில் மே மாதத்துக்குள் பூ கொட்டிப்போயிருக்கும், இல்லாவிட்டால் மொட்டோடு நிற்கும். இந்த வருஷம் குளிர் பின்வாங்க நாளானதாலோ என்னவோ, சொல்லி வைத்தாற்போல் அன்றைக்கு முழுசாகப் பூத்து வெள்ளையாக நின்றது.

“இன்னைக்கு மே ஒண்ணு!” என்று கத்தினாள் அபொலேனா. “பாட்டி, மரத்தடிக்கு வாங்க! பூத்த மரத்தடியில முத்தம் வாங்காத பொம்பளைங்க எல்லாம் அந்த வருஷம் காய்ஞ்சு போயிடுவாங்களாம். ஸ்கூல்ல டீச்சர் சொன்னாங்க. அம்மாவுக்கு அப்பா காலையிலேயே கொடுத்திருப்பாரு.”

“நான் ஆறு வருஷமா காய்ஞ்சுக்கிட்டுதான் இருக்கேன், கண்ணு. விறகாவே ஆயிட்டேன்” என்றாள் யர்மிலா. சொல்லிக்கொண்டே மரத்தடிக்குப் போய்த்தான் நின்றாள்.

ஹினெக் தோளிலிருந்து இறங்கி ஓடினான். பாட்டியைக் குனியவைத்து, சாசேஜ் எண்ணெய் காயாத வாயால் கன்னத்தில் சத்தமாக ஒரு முத்தம் வைத்தான்.

“ஆச்சு. இந்த வருஷத்துக்கு இது போதும்” என்றாள் யர்மிலா.

“செல்லாது!” என்றாள் அபொலேனா. “பேரன் கொடுத்தா கணக்கே இல்லை. அவன் நாய்க்குட்டிக்கும்தான் கொடுக்கிறான். தாத்தா, நீங்க கொடுங்க.”

போஹுமில் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. இரண்டு எட்டு வைத்தால் மரத்தடி. அந்த இரண்டு எட்டுக்காகத்தான் இத்தனை மாதமும் ஆறு கிலோமீட்டர் சுற்றினாரோ? “தாத்தாவுக்கு மூச்சு வாங்குது. நீங்க போய்க் குளத்துல தவளை இருக்கான்னு பாருங்க” என்றார். பிள்ளைகளுக்குத் தவளை என்ற ஒரு சொல் போதும். சரிவில் உருண்டு ஓடினார்கள்.

யர்மிலா மரத்தடியை விட்டு வரவில்லை. தோளில் விழுந்த பூவிதழ்களைத் தட்டிவிடவும் இல்லை.

ஏதாவது பேசவேண்டுமே என்று போஹுமில் சொன்னார்: “நாளைக்குச் சாயங்காலம் ஸ்டேஷன் வரைக்கும் நான் கார்ல கொண்டுவந்து விடறேன். நேத்து பஸ்ல வந்தது கஷ்டமா இருந்ததோ?”

“எந்த பஸ்?”

“ஸ்டேஷன்ல இருந்து நம்ம ஊருக்கு வர்ற பஸ்தான். நீங்க எப்பவும் வருவீங்களே.”

“அந்த பஸ்ஸை நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு, சம்பந்தி. கார் வெச்சிருக்கிறவருக்கு அதெல்லாம் எங்க தெரியப்போகுது!”

“அப்போ எப்படி வர்றீங்க?”

“நடந்துதான். சிவப்பு வழியில.” அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் மேலே கிளையைப் பார்த்தாள். “பாலத்து மேலதான் வர்றேன். நேத்துகூட அதுலதான் வந்தேன். கெட்டியாத்தான் இருக்கு. உங்க மாடு ரெண்டு ஒண்ணா போனாலும் தாங்கும்.”

போஹுமிலுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. தொப்பியைக் கழற்றினார். எதற்குக் கழற்றினோம் என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“அப்போ ரெண்டு வருஷமா உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஒரு வார்த்தை சொல்லலையே?”

“நீங்க சொன்னீங்களா?” என்றாள் யர்மிலா. கேலியாகத்தான் ஆரம்பித்தாள். கடைசிச் சொல் லேசாக நடுங்கிவிட்டது. “ரெண்டு கிலோமீட்டர்ல முடியறதை ஆறு கிலோமீட்டர் நடந்தேன். மழையில நடந்தேன். ஹினெக் தூங்கி வழிஞ்சப்போ அவனைத் தூக்கிக்கிட்டு நடந்தேன். கால் வலிக்குதுன்னு ஒரு நாளாவது சொல்லியிருப்பேனா?”

சொன்னதில்லை. பிள்ளைகள் சிணுங்கியிருக்கிறார்கள், அவரே முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவள் மட்டும் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. கூடவே நடந்த ஒருத்தியை இத்தனை நாளும் தான் மட்டும் ஏமாற்றி அழைத்துப் போவதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தார்!

“தாத்தா!” குளத்தங்கரையிலிருந்து அபொலேனாவின் குரல் வந்தது. “ஹினெக் ஷூவோட தண்ணிக்குள்ள இறங்கிட்டான்!”

“ஆழம் இல்லை, நிக்கட்டும்!” என்று போஹுமில் திரும்பாமலேயே கத்தினார். பிறகு இரண்டு எட்டு வைத்து மரத்தடிக்குள் வந்தார். மூன்று வருஷமாக ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

“யர்மிலா” என்றார். சம்பந்தி என்ற சொல் அந்த நேரத்துக்கு வாயில் ஏறவில்லை. “அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு நான் தப்பா பதில் சொல்லிட்டேன். பிள்ளைங்க போனப்புறமும் வாங்க. அவங்களுக்காக இல்லை, எனக்காக வாங்க. வர்ற வெள்ளிக்கிழமை நான் ஸ்டேஷன்ல வந்து நிக்கிறேன், கார் இல்லாமதான் வருவேன். ரெண்டு பேரும் நடந்தே வீட்டுக்குப் போவோம், மஞ்சள் வழியில. வருவீங்களா?”