ஆள்காட்டி கத்திய மேடு

ஓசூர் கம்பெனியின் நைட் ஷிஃப்டை உதறிவிட்டு வந்த கலைமதிக்கு அன்று சோதனை நடை. வாணியாறு அணைக்கரையில் பறவை பார்க்க வருபவர்களுக்கு வழிகாட்டும் வேலை. ஆளைத் தேர்வு செய்ய வந்த பறவைச் சங்கத் தலைவர், கொக்குகளைப் படமெடுக்கக் கூழாங்கல் மேட்டில் கால் வைத்தார். தலைக்குமேல் ஆள்காட்டிக் குருவி விடாமல் கத்தியது.

"நில்லுங்க சார்! ஆள்காட்டி உங்களத்தான் காட்டுதுங்க. கீழ முட்டை இருக்குது."

"எங்கம்மா? எல்லாம் கல்லுதான்."

"உங்க ஷூவுக்கு முன்னால நாலு கல்லு இருக்குதுங்களே, அதுதாங்க."

வேலை கிடைக்காவிட்டாலும் போகட்டும் என்று குறுக்கே கை நீட்டித் தடுத்தாள். அவர் குனிந்து பார்த்தார். வந்த அடிமேலேயே அடிவைத்துப் பின்வாங்கினார்.

"இனிமே நீ முன்னால போம்மா."

கலைமதி முன்னால் நடந்தாள். வேலை உண்டா என்று அவள் கேட்கவே இல்லை.