அல்லைப்பிட்டிச் சந்திப் பாட்டு

மயூரநாதன் காலமாகி இருபத்துநாலாம் நாள், அந்தியேட்டிச் சடங்குக்கு அடிக்கவிருந்த கல்வெட்டின் அச்சுப்படியை அவருடைய தமையன் வாமதேவன் விறாந்தையில் இருந்து வாசித்தார். முப்பத்தோராம் நாள் வருகிறவர்களின் கையில் கொடுக்கும் அந்தச் சின்னப் புத்தகத்தில் தேவாரம் இருந்தது, வம்சாவழி இருந்தது, இறந்தவரின் வரலாறு இருந்தது. பதினேழாம் பக்கத்தில் ஒரு பாட்டு இருந்தது. அதைக் கண்டதும் வாமதேவன் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை ஆர் போடச் சொன்னது?"

"நான்தான் அப்பா," என்றாள் மகள் ஹம்சத்வனி. "சித்தப்பா எழுதினது பத்தொன்பது பாட்டு. சனத்துக்குத் தெரிஞ்சது இது ஒண்டுதான். இதை விட்டிட்டு அடிச்சால் வாறவை சிரிப்பினம்."

"போட்டால் அப்புவைப் பாத்துச் சிரிப்பினம்."

அப்பு என்றது ஊர்த்தலைவராக இருந்த வேலணை விதானையார், இவர்களுடைய தகப்பன். அவர் கண்ணை மூடி நாற்பத்தைந்து வருடமாகிறது. கொட்டிலில் நிற்கிற மாட்டுக்குக்கூடக் கை ஓங்காத மனிதர். அவரைப் பற்றித்தான் அந்த இரண்டு வரியும்:

'சந்தியிலே நீ நின்றாய், கடைசி பஸ்ஸும் போச்சுது,
அப்பு வந்து சொன்ன சொல்லால் அந்தக் கதை முடிஞ்சுது.'

மயூரநாதனுக்கு இந்தப் பாட்டுப் பைத்தியம் யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் பிடித்தது. கூடப் படித்த ஒருவன் வைத்திருந்த அமெரிக்க இசைத்தட்டுகளில் மாட்டுப் பண்ணைக்காரரும் லொறி ஓட்டுகிறவர்களும் கிற்றாரோடு தங்கள் கதையைத் தாங்களே எழுதிப் பாடினார்கள். அவர் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு பழைய கிற்றார் இருந்தது. "மாடு மேய்க்கிறவன்ர பாட்டைப் பாடவோ விதானையார் வீட்டிலை பிறந்தனீ?" என்று வாமதேவன் கேட்டார். தம்பி கோபிக்கவில்லை. கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் பாடினார். கொழும்பில் ஒரே ஒரு இசைத்தட்டு வெளிவந்தது. பிறகு நாட்டில் போர் வந்தது. கேட்டவர்கள் கனடாவுக்கும் சுவிஸுக்கும் போனார்கள். பாட்டும் அவர்களோடு போனது. பாடினவர் கலியாணம் செய்யாமல், தமையன் வீட்டுப் பக்கத்தறையில், தமையன் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு எழுபத்திரண்டு வயதுவரை இருந்தார்.

யாரோ ஒருமுறை பேட்டி கேட்டு வந்தபோது அவர் சொன்னதையும் ஹம்சத்வனி கல்வெட்டில் சேர்த்திருந்தாள்: 'இந்த மாதிரிப் பாட்டிலே சந்தியின் பேரையும் ஆளையும் உள்ளபடி சொல்ல வேண்டும். பொய் சொன்னால் கிற்றார் காட்டிக்கொடுத்துவிடும்.'

வாமதேவனுக்கு எரிச்சல் மூட்டியது அந்த வாக்கியம்தான். ஏனென்றால் அந்தச் சந்திக்குப் போய் அந்தச் சொல்லைச் சொன்னது விதானையார் அல்ல. வாமதேவன்.

எழுபத்தெட்டாம் ஆண்டு. அவருக்கு முப்பத்திரண்டு வயது, கச்சேரியில் அரசாங்க உத்தியோகம். தம்பி அல்லைப்பிட்டியில் ஒரு மீன்பிடிக் குடும்பத்துப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்ய நாள் வைத்திருப்பது தெரிந்தது. "அப்புவுக்கு நெஞ்சு நோகுது, ஊர்காவற்றுறையிலை டொக்டரைக் கூட்டிவா" என்று அவனை அனுப்பிவிட்டு, இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர்கள் பஸ் ஏறவிருந்த சந்திக்குப் போனார். அங்கே உடுப்புப் பையோடு நின்றவளிடம், "அவன் நேற்றே கொழும்புக்குப் போயிட்டான். வேற இடத்திலை பேசி முடிச்சாச்சு. நீர் வீட்டை போம்," என்றார். அவள் நம்பினாள்; தம்பி பிறகு தேடிப் போனபோதும் முகம் கொடுக்கவில்லை. குடும்பத்தைக் காப்பாற்றியதாகத்தான் வாமதேவன் அன்றும் நினைத்தார், பிறகும் நினைத்தார். விதானையார் ஒன்றும் அறியாமல் இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்தார்.

பிறகு பாட்டு வந்தது. தகப்பனைப் பிழையாகச் சந்தேகித்துத் தம்பி எழுதிவிட்டான் என்று வாமதேவன் எண்ணினார். "அப்புவை ஏனடா இழுத்தனீ?" என்று எத்தனையோ தரம் ஏசினார். "பாட்டுக்கு அப்பிடித்தான் வந்துது அண்ணை," என்பார் மயூரநாதன். வேறொன்றும் சொல்ல மாட்டார்.

"அந்த ரண்டு வரியையும் வெட்டு," என்று மகளிடம் இப்போது சொன்னார். "வெட்டாட்டில் பாட்டே வேண்டாம்."

அவள் பதில் சொல்லுமுன் கேற் அடியில் யாரோ கூப்பிடுவது கேட்டது. வெள்ளைச் சேலை உடுத்த ஒரு மூதாட்டி, கையில் துணிப்பையோடு நின்றாள். அந்த வீட்டில் அவளைப் போன்ற மீன்பிடிக் குடும்பத்தாருக்குக் கதிரை போடுகிற வழக்கம் இருந்ததில்லை. ஹம்சத்வனி போட்டாள். தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனாள்.

"ஐயா, நான் ஜெனீற்றா."

அவள் சொல்லத் தேவை இருக்கவில்லை; அன்று சந்தியில் நின்றவளை வாமதேவன் கண்டதுமே அடையாளம் கண்டிருந்தார்.

"மன்னாரிலை மகளோடை நிண்டனான். நேற்றுத்தான் கேள்விப்பட்டனான். முப்பத்தொண்டுக்கு வரலாமோ எண்டு கேட்டிட்டுப் போவமெண்டு வந்தன்."

"வாரும். செத்த வீட்டுக் காரியத்துக்கு ஆரையும் மறிக்கிறேல்லை."

"புத்தகத்திலை அந்தப் பாட்டும் வருமோ ஐயா?"

"வந்தாலும் அப்புவின்ர வரி வராது. அவர் ஒருத்தருக்கும் அப்பிடிச் சொன்னவர் இல்லை."

"இல்லைத்தானே," என்றாள் அவள். "வந்து சொன்னது நீங்கள்."

குசினிக்குள் கேத்தல் வைக்கும் சத்தம் கேட்டது. வாமதேவன் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"அவனுக்குத் தெரியாது," என்றார்.

"தெரியும். எனக்குக் கலியாணம் முடிஞ்ச பிறகு நானே சொன்னனான். முதல் எழுதேக்கை அண்ணை எண்டுதான் எழுதினவர். எங்கடை கோயில் பெருநாளிலை அப்பிடித்தான் பாடினவர், நான் என்ர மனுசனோடை நிண்டு கேட்டனான். றெக்கோட்டிலை பாத்தால் அப்பு எண்டு கிடந்தது. கனகாலத்துக்குப் பிறகு பெரியாஸ்பத்திரியிலை கண்டு, ஏன் மாத்தினனீங்கள் எண்டு கேட்டன்."

அதற்கு மயூரநாதன் சொன்ன பதிலையும் அவள் தானாகவே சொன்னாள்.

"அப்பு செத்துப் போனார், அவருக்கு இனி நோகாது, அண்ணை நாலு பேருக்கு முன்னாலை நடமாடுற மனுசன் எண்டார்."

தேத்தண்ணி வந்தது. குடித்தாள், கிளாஸைத் தானே கழுவி வைக்கப் போனவளை ஹம்சத்வனி விடவில்லை. ஜெனீற்றா போன பிறகு வாமதேவன் வெகுநேரம் பதினேழாம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடத்துக்கு மேலாக ஒரே மேசையில் எதிரே இருந்து சாப்பிட்டவன். ஒரு நாள், ஒரு கோபத்தில், ஒரு சொல் வாய்தவறி வந்ததில்லை. செய்யாத ஒன்றைச் செய்ததாக அப்புவின் பேர் உலகமெல்லாம் பாடப்பட்டது. அந்தக் களங்கத்துக்காக ஏசினதும் தானே, அதன் நிழலில் மானமாக இருந்ததும் தானே.

பின்னேரம், மகள் கடைக்குப் போன நேரம், அச்சகத்துக்குத் தானே போன் எடுத்தார்.

"பதினேழாம் பக்கத்திலை வரியை வெட்டத் தேவையில்லை. அப்பு எண்டிருக்கிற இடத்திலை அண்ணை எண்டு போடும்."

"அண்ணையோ ஐயா?"

"ஓம். சொன்னதைப் போடும்."

வாயால் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகாத மனிதர். அச்சில் கிடந்தால் போதும், வாசிக்கிறவர்கள் விளங்கிக்கொள்வார்கள் என்று நம்பினார். அன்றிரவு சாப்பாடு இறங்கியது.

முப்பத்தோராம் நாள், கீரிமலைத் தீர்த்தக்கரையில் காரியம் முடிந்து எல்லோரும் வீடு திரும்பினார்கள். பந்தலுக்குள் முந்நூறு கல்வெட்டு கொடுபட்டது. ஜெனீற்றா கடைசி வரிசையில் இருந்தாள். ஒலிபெருக்கியில் பழைய இசைத்தட்டைப் போட்டார்கள். கனடாவிலிருந்து வந்தவர்களும் சேர்ந்து பாடினார்கள். அந்த வரி வந்தபோது பந்தல் முழுக்க, புத்தகத்தைப் பார்க்காமலே, 'அப்பு' என்று பாடியது.

விதானையாரின் தங்கை மகன் குலசிங்கம் ஒருவர்தான் புத்தகத்தைப் பார்த்துப் பாடியவர். எழும்பி விறாந்தைக்கு வந்தார்.

"மச்சான், உங்கை பாரும், அச்சுக்காரன் செய்த வேலையை. அண்ணையாம். உம்மை எல்லோ கொண்டுபோய்ச் சந்தியிலை நிப்பாட்டிப் போட்டான்." அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"நான் அனுப்பினது அப்பு எண்டுதானே," என்று ஹம்சத்வனி தகப்பனைப் பார்த்தாள்.

"நீர் பாத்துத்தானே மச்சான் குடுத்தனீர்?"

சுவரில் அப்புவினதும் தம்பியினதும் மாலை போட்ட படங்கள் இரண்டு. பந்தலுக்குள் ஊரும் உறவும். கடைசி வரிசையில் ஒருத்தி நிமிர்ந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் மாற்றச் சொன்னேன் என்று சொல்ல வேண்டியதுதான். வாமதேவன் வாயைத் திறந்தார்.

"பாக்கேல்லை," என்றார்.

"எனக்குத் தெரியும். வயசு போட்டுது உமக்கு." குலசிங்கம் பேனையை எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் இறங்கினார். "பதினேழாம் பக்கம், ஒரு சொல்லு மாறிக் கிடக்கு, எல்லாரும் திருத்துங்கோ" என்று சொல்லிக்கொண்டு வரிசை வரிசையாகப் போனார். விதானையார் வீட்டுக் காரியத்தில் பிழை இருக்கக்கூடாது. சனம் மடியில் வைத்துத் திருத்தியது.

கடைசி வரிசைக்கு வந்து கையை நீட்டினார். ஜெனீற்றா கொடுக்கவில்லை.

"என்ர இப்பிடியே இருக்கட்டும் ஐயா."

புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினாள். "அன்ரி, சாப்பிட்டிட்டுப் போங்கோ," என்று ஹம்சத்வனி பின்னால் போனாள். "இல்லைப் பிள்ளை, பசிக்கேல்லை," என்றது கேட்டது. வாமதேவன் கதிரையை விட்டு எழும்பி இரண்டடி வைத்தார்.

"எங்கை போறீர்? முதல் பந்தி உமக்காகத்தான் நிக்குது," என்று குலசிங்கம் தோளைப் பிடித்துத் திருப்பினார். இலைக்கு முன்னால் இருத்தினார். பிறகு அவர் கையிலிருந்த புத்தகத்தையும் வாங்கி, பதினேழாம் பக்கத்தை விரித்து, 'அண்ணை'யை ஒரு கோட்டால் வெட்டி, மேலே வடிவான எழுத்தில் 'அப்பு' என்று எழுதிக் கொடுத்தார்.

வாமதேவன் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சோறு வந்தது.