முள் ஏறுகிறது

விஜயதசமியன்று உருக்குகிற முதல் இரும்பு அச்சுக்குள்தான் இறங்க வேண்டும், திரும்பக் கட்டியாகிவிட்டால் அந்த வருஷமே விளங்காது என்பது பொன்னுரங்கம் முதலாளியின் சட்டம். முடிச்சூரில் நெல் விளைந்த நிலத்தில் பாதியை மனை போட்டு விற்று, மீதியில் இரும்பு வார்க்கும் பவுண்டரி கட்டியவர். ஏர் பூட்ட நாள் பார்த்தவருக்கு உலையும் ஒரு கழனிதான். மின் உலைக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, போடும்மா என்று ஜெயசீலியைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஜெயசீலி பொத்தானை அழுத்தினாள். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவள். பதினோரு வருஷமாக அந்த உலை அவள் கையில். பொம்பளை கையில் உலையா என்று மூக்கைச் சுளித்தவர்கள்கூட இப்போது அவளைக் கேட்காமல் அதில் ஒரு ஆணியைப் போடுவதில்லை.

அந்த உலைக்கு விறகும் இல்லை, தீயும் இல்லை. செம்புக் குழாய்ச் சுருளில் மின்சாரம் பாயும், குழாய்க்குள் தண்ணீர் ஓடும், நடுவில் இரும்பு தானாகக் கொதித்து உருகும். இரும்புக்கும் சுருளுக்கும் நடுவே இருப்பது நாலு விரற்கடை மண் பூச்சு. அது விட்டுக்கொடுத்து, உருகிய இரும்பு தண்ணீரைத் தொட்டால் வெடிக்கும். பக்கத்தில் நிற்கிறவர்களைப் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். மின்கசிவைக் காட்டி அதை முன்கூட்டிச் சொல்லத்தான் பேனலில் ஒரு முள்ளும் ஒரு மணியும்.

இரும்பு உருகி முடியும் தறுவாயில் மணி அடித்தது. உலை தானே நின்றது.

நேற்று பூஜைக்காக எல்லாவற்றையும் கழுவிவிட்ட ஈரம்தான் அது என்றான் முதலாளியின் மகன் ஹரிபிரசாத். நியாயமான பேச்சுதான், ஈரத்துக்கும் அந்த மணி அடிக்கும். ஜெயசீலி உலையை மறுபடி ஓட்டிவிட்டு முள்ளையே பார்த்தாள். ஈரமென்றால் சூடேறச் சூடேற முள் இறங்க வேண்டும். இது ஏறியது. மணி மறுபடி அடித்தபோது அவள் பொத்தானைத் தொடவில்லை.

ஹரிபிரசாத் ஒரு துண்டு ஒயரோடு வந்தான். அதைப் பேனலுக்குள் குறுக்கே போட்டுவிட்டால் மணி வாயை மூடிக்கொள்ளும், உலை ஓடும். போன மழைக்காலத்தில் அவள் லீவில் இருந்த நாள் அப்படித்தான் ஓட்டினான், ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒன்றும் ஆகாததுதான் அவன் படித்த படிப்பு. சாயங்காலத்துக்குள் கேளம்பாக்கத்துக்குப் பம்பு உறைகள் போக வேண்டும் என்ற அவசரம் வேறு.

ஜெயசீலி பேனல் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். நகரவில்லை.

"நல்ல நாளும் அதுவுமா இன்னாம்மா முரண்டு?" என்றார் பொன்னுரங்கம்.

"முள் ஏறுது சார். இரும்பு சுருள்கிட்ட வருது. இருக்கிறதைக் கட்டியா ஊத்திட்டு உலையைத் திறந்து பாத்துடலாம்."

கட்டி என்ற சொல் போதும், அவர் முகம் கறுத்துவிட்டது. வேலையாட்கள் ஆறு பேர் பார்க்க, "அப்போ நீ வூட்டுக்குப் போ. நாளிக்கும் வராத" என்றார்.

"போறேன். இதைக் காலி பண்ணிட்டுப் போறேன்."

உலையைச் சாய்க்கும் பிடியில் கை வைத்து, கிரேன் ஓட்டும் விக்கியைக் கூப்பிட்டாள். விக்கி முதலாளியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு வாளியைக் கொண்டுவந்து உலையின் வாய்க்கு நேரே நிறுத்தினான். விஜயதசமி இரும்பு முழுக்க வெறும் கட்டி வார்க்கும் தொட்டியில் போய் விழுந்தது. எழவு வீட்டில் நிற்பதுபோல் நின்றார் பொன்னுரங்கம்.

ராஜகீழ்ப்பாக்கத்து வாடகை வீட்டில் அன்றிரவு ஜெயசீலிக்குச் சோறு இறங்கவில்லை. பூச்சு நன்றாக இருந்துவிட்டால்? வேலையும் போய், பைத்தியக்காரி என்ற பெயரும் மிஞ்சும். ஆனாலும் வராதே என்ற இடத்துக்கு விடிந்ததும் போய் நின்றாள்.

எப்படியும் காலியாகிவிட்டதே, பார்த்துவிடலாமென்று பூச்சு போடும் தேவானந்தம் ஆறிய உலைக்குள் இறங்கி உளியால் மண்ணைப் பெயர்த்தார். உள்ளே கிட்டத்தட்ட நாலு விரற்கடை நீளத்துக்கு இரும்பு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. நுனிக்கும் செம்புக்கும் நடுவே ஒரு காகிதம்தான் போகும். தேவானந்தம் உளியைக் கீழே வைத்துவிட்டார். ஹரிபிரசாத் தகப்பனுக்குப் பின்னால் நகர்ந்தான்.

பொன்னுரங்கம் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரிலிருந்த அம்மன் படத்தைக் கும்பிட்டார். "ஆத்தா காப்பாத்திட்டா" என்றார். பிறகு, நேற்று ஒன்றுமே நடக்காததுபோல, போய் வேலையைப் பார் என்று ஜெயசீலியிடம் சொன்னார்.

ஜெயசீலி உலைப் பக்கம் போகாமல் அவருக்கு நேரே வந்து நின்றாள்.

"ஆத்தா காப்பாத்தியிருக்கட்டும் சார். பேனல் முன்னாடி நின்னது நான். நேத்து எல்லார் முன்னாடியும் போன்னு சொன்னீங்க. இப்பவும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

"இன்னா சொல்லணும்?"

"தப்பு யாரோடதுன்னு."

அவர் ஆறு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லாரும் அவள் பக்கம்தான் நின்றார்கள். "தப்பு எங்களுதுதாம்மா" என்றார், தரையைப் பார்த்து.

ஜெயசீலி அசையவில்லை.

"ஹரி சார் பின்னாடி நிக்கிறாரு. அவருக்குக் கேட்டிருக்காது. இன்னொரு தடவை சொல்லுங்க."