பதினோரு பேர் தண்ணீர் முறை

"பைத்தான்தான் படிக்கணும்னு என் தம்பி ஜோஸ்வா சென்னையிலேர்ந்து தலைபாடா அடிச்சுக்கிறான், நீ என்னடான்னா..."

"ஜோஸ்வா படிக்கட்டும். நான் கேட்டது..."

"அவன் கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கிறவன்டி!"

"நான் இந்த வீட்டுல இருக்கிறவ. பிளக்கை ஏன் பிடுங்குனீங்க?"

லேப்டாப்பின் பேட்டரி செத்து இரண்டு வருஷம். காலையில் செல்லுக்குச் சார்ஜ் போட அதன் பிளக்கைப் பிடுங்கியது சகாயராஜ்தான்.

குத்தாலத்தை ஒட்டிய அந்த ஊரில் பதினோரு வீட்டுக்கும் பொதுவாக ஒரே போர்வெல். குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்கள். ஒரு மா நிலத்துக்கு ஒரு மணி நேரம் என்று முறை. யாருக்கு எவ்வளவு பாய்ந்தது என்று மோட்டார் கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதுவது வழக்கம். அவன் மனைவி பிரின்ஸி நான்கு மாதம் மயிலாடுதுறை கம்ப்யூட்டர் சென்டருக்கு பஸ்ஸில் போய் ஜாவா அடிப்படையை முடித்து, அதற்கு ஒரு புரோகிராம் எழுதினாள். சகாயராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. இனிச் சுவர்க் கணக்கு வேண்டாமென்று, மாதா கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு அடித்ததில் மிச்சமிருந்த சுண்ணாம்பைக் கொண்டுபோய்க் கொட்டகைச் சுவரை வெள்ளையாக்கிவிட்டான்.

அந்தப் புரோகிராம் ஓடும்வரைதான் ஞாபகம் வைத்திருக்கும். அணைந்தால் எல்லாம் போயிற்று. அவள் இருபது நாளாக அணைக்காமலே வைத்திருந்தாள்.

வாசலில் சைக்கிள் நின்றது. பதினோரு பேரில் ஒருவரான பஞ்சநதம்.

"ஏம்மா பிரின்ஸி, எனக்கு இன்னும் எத்தனை மணி நேரம் பாயணும்? ஜெக்கரியா தன் முறைன்னு மடையில குந்திக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்கிறான்."

"கம்ப்யூட்டர் அணைஞ்சுபோச்சுண்ணே."

"போட வேண்டியதுதானே?"

"போட்டாச்சு. யாரையும் தெரியலைங்குது."

"என்னையுமா? இருபது நாளு உள்ளதானே இருந்தேன்!"

சிரிக்க யாருக்கும் தெம்பில்லை. "சுவத்துல பாப்போம்னா அது கல்யாண வீடு மாதிரி பளபளன்னு நிக்குது" என்று சகாயராஜைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவர் சைக்கிளைத் திருப்பினார்.

பிரின்ஸி தரையில் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை சென்டரில் பைத்தான், டேட்டாபேஸ் என்று இரண்டு வகுப்பு தொடங்குகிறது, இரண்டும் ஒரே நேரம். நடவுக்குள் ஒன்றை முடிக்கலாம். இதை விட்டால் அறுவடைக்குப் பிறகுதான்.

"திரும்ப டைப் அடிச்சுடேன்" என்றான் சகாயராஜ், குரலைத் தணித்து. "பைத்தான்ல இப்படியெல்லாம் மறக்காதாம்."

"எதுல எழுதுனாலும் அணைச்சா மறக்கும்ங்க. எழுதுனதை வைக்க ஒரு இடம் வேணும். அதுக்குத்தான் டேட்டாபேஸ். அதைத்தான் படிக்கிறேன்னு விடிஞ்சதுலேர்ந்து சொல்றேன்."

"இல்ல... நேத்தே சென்டர்ல பேர் கொடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"பைத்தானுக்கு. ஜோஸ்வா சொன்னான்னு..."

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தான். அவள் லேப்டாப்பை மெல்ல அவன் பக்கம் தள்ளினாள்.

"பதினோரு பேரு. யாருக்கு எத்தனை மா, எத்தனை மணி நேரம் பாய்ஞ்சுது, வீடு வீடாப் போய்க் கேட்டுட்டு வந்து நீங்களே அடிங்க. அடிச்சு முடிச்சுட்டுச் சொல்லுங்க, திங்கட்கிழமை நான் எந்த கிளாஸ்ல உக்காரணும்?"